சுழற்சிப் பதிவேட்டுக்கு வெளியே: நெய்வேலியும் சமத்துவக் கடமையும்

பொதுத்துறை நிறுவனங்கள் சமத்துவத்தை வளர்க்கக் கடமைப்பட்டவை என்று நம் ஆய்வேடுகள் எளிதாகக் கூறிவிடுகின்றன. சட்டம் அவ்வாறு கூறுகிறதா என்பது வேறு வினா. 1956இல் தொடங்கப்பெற்ற நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அரசமைப்பின் 12ஆம் உறுப்பு குறிக்கும் ‘அரசு’ என்பதனுள் அடங்கும். எனினும், 16(4)ஆம் உறுப்பு இடஒதுக்கீட்டுக்கு இசைவு தருகிறதேயன்றிக் கட்டளையிடவில்லை என 1999இல் இரண்டாம் அஜித் சிங் வழக்கிலும் 2020இல் முகேஷ் குமார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 46ஆம் உறுப்போ நெறிமுறைக் கோட்பாடு. அதனை நீதிமன்றத்தின்வழி நிறைவேற்ற இயலாது. ஆகவே, நெய்வேலியில் நடைமுறைக் கடமையாக நிற்பவை பெரும்பாலும் ஒன்றிய அரசின் ஆணைகளே.

அவ்வாணைகளைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. அனைத்திந்திய அளவிலான திறந்த போட்டித் தேர்வில் பட்டியல் சாதியினர்க்கு 15, பழங்குடியினர்க்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 விழுக்காடு. தமிழ்நாட்டளவில் ஆளெடுக்கும் கீழ்நிலைப் பணிகளில் முதலிரண்டும் முறையே 19, 1 என மாறும். 1995ஆம் ஆண்டுச் சபர்வால் தீர்ப்பின் பின்னர், பணியிடங்களை அடிப்படையாகக் கொண்ட சுழற்சிப் பதிவேடு நடைமுறைக்கு வந்தது. பதிவேட்டில் இருப்பதை எண்ணலாம், குறைந்தால் கேட்கலாம். ஒப்பந்ததாரர்வழிச் சுரங்கத்துள் இறங்கும் தொழிலாளி அப்பதிவேட்டில் இல்லை. நிரந்தரப் பணி சுருங்குமிடத்து விழுக்காடு மாறாமலே பயன் தேய்கிறது. ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரப் பணியாளர் ஆகிவிடமாட்டார் என்ற 2001ஆம் ஆண்டு உருக்காலை ஆணையத் தீர்ப்பு, பதிவேட்டுக்குள் வரும் வழியையும் குறுக்கிற்று.

இங்கிலாந்து வேறு வழியிற் சென்றது. ஸ்டீபன் லாரன்ஸ் கொலை பற்றிய 1999ஆம் ஆண்டு மக்பர்சன் அறிக்கையின் விளைவாக 2000இல் இன உறவுச் சட்டம் திருத்தப்பட்டது. அக்கடமை இன்று 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவில் உள்ளது. பொது அமைப்பு தன் பணிகள் அனைத்திலும், ஒப்பந்தம் வழங்குவதிலுங்கூட, சமத்துவத்தைக் கருதிப் பார்க்க வேண்டும். கருதினால் போதும், எண்ணிக்கை எதுவும் விதிக்கப்படவில்லை. சாதியை இனத்தின் ஒரு கூறாகச் சேர்க்குமாறு 2013இல் விதித்த திருத்தத்தையும் 2018இல் அந்நாட்டு அரசு கைவிட முடிவு செய்தது. அம்மாதிரியை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்வோர் இதனை மறைக்கலாகாது.

எனினும் அதன் பரப்பு நமக்குத் தேவை. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே கொடுக்க வேண்டும் என 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. கூலிக்குப் பொறுப்பேற்கச் செய்த அச்சட்டம், எச்சாதியினர் எவ்வெப்பணியில் அமர்த்தப்பட்டனர் என்பதற்குக் கணக்குக் கேட்கவில்லை. ஒப்பந்தப் புள்ளி நிபந்தனைகளில் சாதிவாரிப் பணிக்கணக்கைச் சேர்ப்பதற்கு அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. ஒன்றிய அரசின் ஓர் ஆணையே போதும்.