ஏரிக் கலங்கலும் டிஸ்க் கோட்டாவும்

செங்கல்பட்டுச் சீமையின் பழைய ஏரிக் கலங்கல்களில் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். மழைக்காலத்தில் உபரி நீர் அவற்றின் இடையே வழிந்தோடும். மழை ஓயும் தறுவாயில் அந்த இடுக்குகளை மண்ணாலும் பலகையாலும் அடைத்து இன்னும் கொஞ்சம் தேக்கிக்கொள்வார்கள். கரை உயரத்தைத் தாண்ட மட்டும் விடமாட்டார்கள்.

பலர் புழங்கும் லினக்ஸ் கணினியில் டிஸ்க் கோட்டா, அதாவது ஆளுக்கு இவ்வளவு வட்டு இடம் என்ற வரம்பு, வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கற்கள்தான் நினைவுக்கு வரும். கோட்டாவுக்கும் இரண்டு வரம்பு: மென்வரம்பு, கடும்வரம்பு. மென்வரம்பைத் தாண்டலாம்; உடனே தவணை ஓடத் தொடங்கும், வழக்கமாக 7 நாள். அதற்குள் கோப்புகளைக் குறைக்காவிட்டால் மென்வரம்பே சுவராகிவிடும். கடும்வரம்பை ஒரு நாளும் தாண்ட முடியாது. வரம்பில் முட்டி நின்றாலும் இருப்பதைப் படிக்கலாம், அழிக்கலாம். புதிதாகச் சேர்க்கத்தான் முடியாது. முகத்தில் அறையாத கண்டிப்பு! 1983இல் வந்த 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸிலேயே இந்த இரு வரம்புக் கோட்டா உண்டு. கோட்டாவைச் செய்தவர் மெல்போர்ன் பல்கலைக்கழகத்து ராபர்ட் எல்ஸ்.

எனக்கு இன்னும் பிடித்தது, கோப்புகளின் எண்ணிக்கைக்கென்று தனி வரம்பு வைத்திருப்பது. மாமல்லபுரக் கரையில் ஒரு கூடை நெத்திலியைத் தூக்கிவிடலாம், எண்ண முடியுமா? சில நிரல்கள் அப்படித்தான் பொடிக் கோப்புகளாகக் கொட்டிவிட்டுப் போகும். வட்டில் இடமிருந்தும் கோப்புப் பதிவுக்கான இடம் தீர்ந்துவிடும்.

ரெப்கோட்டா கட்டளை அடித்தால் வரம்பு மீறியவர் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி வரும். எங்கள் கணினியில் முதல் குறி பெரும்பாலும் என் பெயருக்குத்தான்.