இருவாச்சியின் அலகில் பாம்பு

முதலில் நம்மைப் பார்ப்பது சிற்பத்தின் கண். நடுவில் பச்சை மினுங்கும் அந்தக் கண், ஒரு கடல்நத்தை தன் வாயை அடைத்துக்கொள்ள வைத்திருந்த மூடி. அதற்கு மேலே இருவாச்சி, அதன் அலகில் பாம்பு, சுற்றிலும் இறகும் மீனும் பின்னிக் கிடக்கக் குடைந்தெடுத்த வேலைப்பாடு. சிவப்பு, கருப்பு, சுண்ணாம்பு வெள்ளையில் பொடிக் கோடுகள். பப்புவா நியூ கினியின் நியூ அயர்லாந்துத் தீவில், வடபகுதியில் செதுக்கப்படும் மலகன் சிற்பம் இது. மரமும் நமக்கு அந்நியமல்ல. நம் ஏழிலைப்பாலையின் இனம். எடை குறைவு, உளிக்கு எளிதில் இணங்கும். ஐரோப்பியக் கப்பல்களோடு இரும்பு வருமுன் கல், சிப்பி, சுறாப்பல்லால் செதுக்கினார்கள்.

பாம்பைக் கவ்விய பறவை என்றதும் வானுக்கும் மண்ணுக்கும் போர் என்று எழுதக் கை துறுதுறுக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே பறவை என்பது முதலில் ஒரு குலத்தின் உடைமை. நாட்டின் பொதுமொழிகளில் ஒன்றான டோக் பிசினில் பறவைக்குப் பெயர் 'பிசின்'; நியூ அயர்லாந்தில் குலத்தையும் அதே சொல்லால் சொல்வார்கள். தீவின் தெற்கே ஊரே பெரிய பறவை, சிறிய பறவை என இரண்டாகப் பிரியும்: கடற்கழுகு ஒன்று, விராலடிப்பான் மற்றொன்று. பிள்ளைக்குத் தாயின் பறவை. பெண் எடுப்பதும் கொடுப்பதும் மற்றப் பறவையோடுதான்.

மலகன் என்பது சடங்குக்கும் பெயர், சிற்பத்துக்கும் பெயர். இறந்தவரை அடக்கம் செய்து மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்துத்தான் இந்தக் கடைசிக் காரியம் நடக்கும். பன்றி வளர்க்க வேண்டும், கிழங்கு விளைய வேண்டும், சிப்பிப்பணம் சேர வேண்டும். வேலியடைத்த மறைவிடத்தில் மாதக்கணக்கில் செதுக்கியதைக் கொஞ்ச நேரமே காட்டுவார்கள். அந்த வடிவத்தை இனிச் செதுக்கும் உரிமை அப்போது பன்றிக்கும் சிப்பிப்பணத்துக்கும் கைமாறும். வாங்கியவர் கொண்டுபோவது மரத்தை அல்ல, மனத்தில் பதிந்த வடிவத்தை. பிறகு சிற்பத்தை எரிப்பார்கள், அல்லது மழையில் மக்க விடுவார்கள். வெள்ளைக்காரர் வந்தபின், விற்றும் விட்டார்கள். 1884இல் தொடங்கிய ஜெர்மன் ஆட்சியில் ஆயிரக்கணக்கில் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போனது இப்படிக் கைகழுவப்பட்ட மரம்தான்.

இதே சடங்கில் அணிந்து ஆடும் ததானுவா முகமூடிக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. பத்திரப்படுத்தி மறுபடி ஆடலாம். உச்சியில் சேவற்கொண்டைபோல் நார்முடி நிற்கும். பறவையின் கொண்டை என்று நினைக்கத் தோன்றும். அது துக்கம் காக்கும் ஆண்கள் பக்கங்களை மழித்து நடுவில் விடும் முடி.

1929–30இல் இதே தீவின் லெசு கிராமத்தில் தங்கிய மானிடவியலாளர் ஹார்டென்ஸ் பவுடர்மேக்கர், சிற்பத்தோடு அதைச் சுற்றியிருந்த வாழ்க்கையையும் எழுதினார். மானிடவியலாளர் சூசன் குக்லர் 2002இல் வெளியிட்ட நூல், மறப்பதற்காகச் செய்யப்படும் கலை என்ற கோணத்தை விரித்துக் காட்டியது. நான் படித்தவற்றில் மரத்தைவிட உரிமையைப் பின்தொடர்ந்தவர்களே அதிகம் கண்டிருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியின் சீட்டில் மரம், சுண்ணாம்பு, நத்தை மூடி எல்லாம் வரிசையாக இருக்கும். யாருடைய பிசின் என்று பெரும்பாலும் இருக்காது.