சேவை, பிழைப்பு, அத்துமீறல்

தை பிறந்ததும் ஊரூர் ஆல்காட் குப்பத்துக் கரைக்குப் பங்குனி ஆமைகள் வரத் தொடங்கும். ஆலிவ் ரிட்லி என்று புத்தகங்கள் சொல்லும் இந்த இனத்தில் முட்டையிடக் கரையேறுவது பெண் ஆமை மட்டுமே. நீலாங்கரை தொடங்கி பெசன்ட் நகர் வரை இரவில் மணலில் நடந்து, ஆமைத் தடம் தேடி, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான குழிகளுக்கு மாற்றும் மாணவர்களைக் குப்பத்து மக்கள் நன்கு அறிவார்கள். அந்த மாணவர் அமைப்பு 1988 முதல் இயங்கி வருகிறது. நடக்க வருபவர்கள் கட்டணம் எதுவும் தர வேண்டியதில்லை. தூக்கத்தைத் தொலைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதே நகரத்தின் கல்லூரி மாணவிகளைத் தேடி இன்னொரு வகைக் கடல் சேவையின் விளம்பரமும் வருகிறது. இந்தோனேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ போய்ச் சில வாரம் தங்கலாம். ஸ்கூபா கற்றுக்கொண்டு நீருக்கடியில் இறங்கி, பவளத்திட்டுகளையும் மீன்களையும் எண்ணிக் கொடுக்கலாம். சம்பளம் கிடையாது, நாம்தான் பணம் கட்ட வேண்டும். விமானச் செலவோடு சேர்த்தால் கணக்கு லட்சங்களில் போகும். ஆய்வுக்குப் பணமும் உழைப்பும் ஒரே ஆளிடமிருந்து பெறும் இந்த வழி புதிதல்ல. எர்த்வாட்ச் அமைப்பு 1971இலேயே இதைத் தொடங்கிவிட்டது.

இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. படகுக்கும் எரிபொருளுக்கும் எந்த அரசும் பணம் தராத இடங்களில் இந்தக் கட்டணத்தில்தான் ஆய்வு நடக்கிறது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டு 1997 முதல் ரீஃப் செக் நடத்திவரும் பவளத்திட்டுக் கணக்கெடுப்பு பல நாடுகளுக்குப் பயன்பட்டிருக்கிறது. நீருக்குள் இறங்கும் பெண்ணின் மகிழ்ச்சியையும் நான் ஏளனம் செய்யவில்லை. உடம்பை ஒடுக்கி வைக்கவே பழக்கப்பட்ட நமக்கு, எடையற்று மிதக்கும் அந்த அரைமணி நேரம் சிறிய விஷயமல்ல. என் கேள்வி வேறு. கடலுக்குள் இறங்கும் பெண்களில் யாருக்குத் ‘தன்னார்வலர்’ என்ற பெயர் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை?

மன்னார் வளைகுடாவுக்குப் போவோம். ராமநாதபுரம் மாவட்டத்து மீனவப் பெண்கள் தலைமுறைகளாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். சேலைக்கு மேல் ஒரு சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு. பிராணவாயு உருளை கிடையாது; மூச்சை அடக்கித்தான் இறங்க வேண்டும். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று அவர்கள் பெயரிட்டு அழைக்கும் பாசிகள் அகர், ஆல்ஜினேட் தயாரிக்கும் ஆலைகளுக்குப் போகின்றன. 1986இல் 21 தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அம்மாவும் பாட்டியும் இறங்கிய அதே நீரில் இறங்கியவர்கள் அதன் பிறகு அத்துமீறியவர்கள் ஆனார்கள். வனத்துறை பிடித்தது, அபராதம் போட்டது.

அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. சங்கமாகத் திரண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, சுரண்டும் கருவி இல்லாமல் கையால் மட்டும் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் இறங்காமலிருப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். பாசி மறுபடி முளைக்க அவகாசம் வேண்டும் என்பது மூழ்கி எடுப்பவருக்குத் தெரிந்த கணக்கு. இவர்களை முன்னின்று வழிநடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் விருது அது. கடல் கடந்து வந்த அந்தப் பாராட்டு, உள்ளூரில் அவர்கள் கடலில் இறங்கும் உரிமையை உறுதிசெய்துவிடவில்லை.

தென்கொரியாவின் ஜேஜு தீவில் இதேபோல் மூச்சடக்கி மூழ்கும் ஹென்யோ பெண்களின் வாழ்முறையை 2016இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. ஒரே செயல் ஜேஜுவில் மரபு, பாம்பனில் அத்துமீறல், பணம் கட்டி வந்த வெளிநாட்டுப் பெண் செய்தால் சேவை. எந்தப் பெயர் கிடைக்கும் என்பதை வர்க்கமும் சாதியும் கையிலிருக்கும் கடவுச்சீட்டும் தீர்மானிக்கின்றன.

மடகாஸ்கர் உதாரணத்தையும் பார்க்க வேண்டும். 2003இல் தொடங்கப்பட்ட புளூ வெஞ்சர்ஸ் அமைப்பு, கட்டணம் செலுத்தும் தன்னார்வலர்களைப் பல ஆண்டுகள் அங்கே அழைத்துச் சென்றது. 2004இல் அண்டவடோகா கிராமத்துடன் சேர்ந்து, பேய்க்கணவாய் பெருகுவதற்காகத் திட்டின் ஒரு பகுதியைச் சில மாதங்கள் மூடிவைக்கும் முறையைத் தொடங்கியது. கிராமம் ஒப்புக்கொண்டதால்தான் அது நிலைத்தது, பல கிராமங்களுக்குப் பரவியது. ஆனால் நீர் வற்றும் நேரத்தில் நடந்துபோய்ப் பேய்க்கணவாய் பிடிப்பவர்களில் பெண்கள் ஏராளம். திட்டை மூடினால் அவர்கள் வீட்டு உலையில் அந்த மாதங்களில் என்ன வேகும்? மீன்களை எண்ணும் படிவத்தில் இந்தக் கேள்விக்குக் கட்டமே இருக்காது. கடலுக்கு எங்கே தடை அறிவித்தாலும் அங்கே இதைக் கேட்டாக வேண்டும்.

கட்டணம் ஒரு சல்லடையும்கூட. அந்தச் சில வாரங்கள் சுயவிவரக் குறிப்பில் ‘களஅனுபவம்’ ஆகின்றன; மேற்படிப்புக்கும் வேலைக்கும் அதுவே படிக்கல். குப்பத்தில் பிறந்து கடலியல் படிக்க நினைக்கும் பெண்ணிடம் அந்தப் பணம் இல்லை. வலையில் வந்த மீனைப் பிறந்தது முதல் தரம் பிரித்துப் பழகிய அவளது அறிவுக்குச் சான்றிதழும் இல்லை. கூலியில்லா உழைப்பைப் பெண்களின் இயல்பான குணமாகப் போற்றும் சமூகம் இது. அந்த உழைப்புக்கே விலை வைத்து விற்றால், வாங்க முடிந்தவர்கள் மட்டுமே நாளைய கடல் விஞ்ஞானிகள் ஆவார்கள்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. நுரையீரலால் சுவாசிக்கும் உயிர் அது. இழுவை வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூழ்கியே சாகும். கரையோரம் இழுவைப் படகுகள் வருவதை எதிர்த்துச் சிறுபடகு மீனவர்கள் ஆண்டுக்கணக்காகப் பேசி வருகிறார்கள். சாலையோரம் மீன் விற்கும் பெண்களுக்கு எந்த மீன் வரத்துக் குறைந்தது, எப்போது குறைந்தது என்பது தெரியும். அவர்களிடம் யாரும் படிவம் நீட்டுவதில்லை.

மாணவிகள் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேளுங்கள். அந்தக் கடலை நம்பி வாழும் பெண்களுக்கு முடிவெடுப்பதில் இடம் உண்டா? உள்ளூர்ப் பெண்களுக்குச் சமையலறையில் மட்டும் வேலையா, நீருக்கடியிலும் சம்பளத்துடன் வேலை உண்டா? எண்ணி எடுத்த கணக்கு அவர்கள் மொழியில் அவர்கள் கைக்குப் போகிறதா? பதில் இல்லையென்றால் நீங்கள் வாங்குவது ஒரு சுற்றுலா. அதைச் சுற்றுலா என்றே சொல்லிக்கொண்டு போய்வாருங்கள், தவறில்லை. கடலைக் காக்கும் ஆசை அப்போதும் மிச்சமிருந்தால், ஒரு தை மாத இரவில் பெசன்ட் நகர் மணலில் நடந்துவிட்டு, விடிந்ததும் குப்பத்தில் மீன் வாங்கப் போங்கள். விற்கும் அக்காவிடம் கடலைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள், அவர் சொன்னார் என்றே.