சுத்தியல் சொல்வதும் சொல்லாததும்

பாதியில் நின்றுபோன கான்கிரீட் கட்டடத்தை மறுபடி எடுத்துக் கட்டலாமா என்று கேட்டால், பெரும்பாலும் கையில் கிடைப்பது ஒரு 'ரீபவுண்ட் ஹேமர்' அறிக்கை. பில்லர் பில்லராகத் தட்டி, எண்களை அட்டவணையில் போட்டு, 'கான்கிரீட் தரம் திருப்தி' என்று முடித்திருப்பார்கள். கருவி மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் வேறொன்று, அதுதான் பிரச்சினை.

அந்தச் சுத்தியல் அளப்பது மேற்பரப்பின் கடினத்தை மட்டும்தான். அதிலிருந்து வலிமையைக் கணிப்பதில் 25 சதவீதம் கூடவோ குறையவோ பிசகலாம் என்று 1992-இன் ஐ.எஸ். 13311 (பகுதி 2) தரநூலே சொல்லியிருக்கிறது. அறிக்கை 20 என்றால் நிஜம் 15-ஆகவும் இருக்கலாம், 25-ஆகவும் இருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பூச்சு இல்லாமல் வருஷக்கணக்கில் கிடக்கும் கான்கிரீட்டுக்குள் காற்றின் கரியமில வாயு மெல்ல இறங்கும். மேல்தோல் இறுகும், சுத்தியல் எண் ஏறும். ஆனால் அதே மாற்றம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையை அழிக்கிறது. எண் நன்றாக இருக்கும், கம்பி கவசத்தை இழந்திருக்கும். புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலீன் தெளித்தால் இது தெரிந்துவிடும்: இளஞ்சிவப்பு ஆனால் காரம் இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் போய்விட்டது.

அடுத்த மாடிக்காக மேலே நீட்டி விட்ட கம்பிகளை எத்தனை அறிக்கைகள் அளக்கின்றன? 12 மில்லிமீட்டர் கம்பி துருப்பிடித்து 11 ஆனால், பார்க்கப் பெரிசா தெரியாது. குறுக்குவெட்டுப் பரப்பில் 16 சதவீதம் போயிருக்கும்.

"இத்தனை வருஷம் நின்னுச்சே" என்பது அடுத்த வாதம். சுவர், தரை ஓடு, தண்ணீர்த் தொட்டி, மனுஷங்க எதுவும் ஏறாத கட்டடம் முழுச் சுமையை இன்னும் தாங்கிக் காட்டவே இல்லை. சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதன் ஜோடிக் கட்டடம் விழாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் நின்றது. அதை நம்பி யாரையும் குடிவைக்கவில்லை, 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

உருப்படியான அறிக்கை என்றால் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும், சில இடங்களில் கான்கிரீட்டைக் கொத்திக் கம்பியை அளக்க வேண்டும். கோர் எடுப்பதானால் குறைந்தது மூன்று. ஐ.எஸ். 456:2000 கணக்குப்படி அவற்றின் சராசரி தேவையான வலிமையில் 85 சதவீதமாவது இருக்கணும், எதுவும் 75-க்குக் கீழே போகக் கூடாது. கடைசியாக, வரைபடத்தில் இருக்கும் அளவை விட்டுவிட்டு, கிடைத்த அளவுகளை வைத்து முழுச் சுமைக்கும் மறுபடி கணக்குப் போட வேண்டும்.

செலவு ஆகும்தான். ஆனாலும் இனி அறிக்கை கையில் வந்தால் முதலில் கேளுங்கள்: "கம்பியைப் பார்த்தீங்களா?"