யாரை மனதில் வைத்து எழுதிய வழிகாட்டி?

கைபேசி எல்லார் கையிலும் வந்துவிட்ட பிறகு, வெளிநாடு போகிறவர் வழிகாட்டி நூலை விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா? பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்வதைவிட ஒரு நாட்டை வைத்து இதை எடைபோடுவது நல்லது. ஜப்பானை எடுத்துக்கொள்கிறேன். மொழியும் தெரியாது, பெயர்ப்பலகையும் படிக்க வராது என்ற நிலையில் நாம் போய் இறங்கும் நாடு அது. இந்த நூல்களின் பலமும் பலவீனமும் அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும்.

முதலில் பலவீனம். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் ரயிலில் போய்வர ஏறக்குறைய 28,000 யென் ஆகும். கூடவே இன்னொரு ஊருக்குப் போனாலே பாஸ் லாபம் என்பதால், அதை முதல் வேலையாக வாங்கிவிடச் சொல்லி நூல்கள் எழுதின. 2023 அக்டோபரில் பாஸின் விலை 50,000 யென்னாக உயர்ந்தது. பழைய பதிப்பை நம்பி, இந்த இரண்டு ஊர்களை மட்டும் பார்க்க பாஸ் வாங்குகிறவருக்கு இன்று 20,000 யென்னுக்கு மேல் நஷ்டம். கியோட்டோ நகரப் பேருந்துக்கான ஒருநாள் பயணச்சீட்டையும் நூல்கள் விடாமல் சிபாரிசு செய்துவந்தன. பேருந்துகளில் கூட்டம் தாங்காமல் நகர நிர்வாகம் அதே ஆண்டில் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. இதில் எழுதியவர் குற்றம் எதுவும் இல்லை. நேரில் போய்ப் பார்த்து, எழுதி, அச்சிட்டுக் கடைக்கு வருவதற்குள் விலைவாசி மாறிவிடுகிறது. கட்டணம், நேரம், விடுதி வாடகை ஆகியவற்றுக்கு அச்சுப் புத்தகத்தை நம்பக் கூடாது. இந்த மூன்றிலும் கைபேசியே மேல்.

ஆனால் கைபேசி கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். புதிய நாட்டில் எதைக் கேட்க வேண்டும் என்பதே நமக்குத் தெரியாது. மிசோ சூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் டோஃபு துண்டுகளும் கடற்பாசியும் மிதக்கும், மீன் கண்ணில் படாது. சைவம்தான் என்று நினைத்துக் குடித்துவிடுவோம். அதன் அடிப்படையான தாஷி என்ற சாறு பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீனிலிருந்து இறக்கப்படுகிறது. காய்கறியை வேகவைப்பதும் பல இடங்களில் அந்தச் சாற்றில்தான். இதை முன்பே படித்திருந்தால்தான் கடையில் சரியான கேள்வியைக் கேட்க முடியும். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைப்பது அங்கே இறந்தவருக்குச் சோறு படைக்கும் முறை, பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் செவ்வாயன்று மூடுவார்கள் என்பதையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்க யாருக்கும் தோன்றாது. புத்தகத்தைப் புரட்டும்போது தானாகக் கண்ணில் படும். ஊரின் வரலாறும் கோயிலின் அமைப்பும் ஒரே கையால் கோவையாக எழுதப்பட்டுக் கிடைப்பதும் புத்தகத்தில்தான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. நம்மவர்கள் அதைப் பேசுவதே இல்லை. அந்த நூல்கள் நம்மை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. லோன்லி பிளானட் என்ற வழிகாட்டி வரிசை பிறந்த கதையைப் பாருங்கள். டோனி வீலரும் மௌரீன் வீலரும் லண்டனிலிருந்து ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவுக்குக் குறைந்த செலவில் பயணம் செய்து, 1973-இல் முதல் கையேட்டை வெளியிட்டார்கள். முதுகுப்பையோடு கிளம்பும் மேலைநாட்டு இளைஞர்தான் அதன் வாசகர். அந்த வாசகரின் சாயல் இன்றும் பக்கங்களில் தெரிகிறது. விசா இல்லாமல் 90 நாள் தங்கலாம் என்று படித்து நாம் மகிழ முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் புறப்படும் முன்பே விசா வாங்கியாக வேண்டும். நாம் தாத்தா பாட்டி, பிள்ளைகுட்டிகளோடு குடும்பமாகப் போகிறவர்கள். டோக்கியோவின் சிறிய விடுதி அறையில் நான்கு பேர் தங்க முடியுமா, பாரம்பரிய விடுதிகளில் பெரும்பாலும் அறைக்கு அல்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவதால் மொத்தச் செலவு எங்கே போய் நிற்கும், முழங்கால் வலியுள்ள அம்மா கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலில் மலைமேல் ஏறும் படிகளை எதுவரை சமாளிப்பார் என்பவை நம் கேள்விகள். ஷோஜின் ரியோரி என்ற பௌத்த மடாலயச் சைவ உணவு கியோட்டோவிலும் கோயாசான் மலையிலும் கிடைக்கும் என்பது நமக்குத் தலைப்புச் செய்தி. அந்த நூல்களை எழுதுகிறவர்களுக்கோ அது ஓரத்தில் போடும் துணுக்கு.

ஜப்பானியர்கள் இந்தப் பிரச்சினையைத் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். வெளிநாடு போகும் தம் மக்களுக்காக, தம் மொழியில், ‘சிக்யூ நோ அருகிகாத்தா’ என்ற வழிகாட்டி வரிசையை 1979-இல் தொடங்கினார்கள். நம்மிடமும் எழுத்துக்குப் பஞ்சமில்லை. டோக்கியோவில் புகைப்படக்கலை படித்த ஏ. கே. செட்டியாரும், சோமலெயும், மணியனும் வளர்த்த பயண இலக்கியம் நமக்கு உண்டு. அவை கண்டதையும் பழகியதையும் சொல்லும் நூல்கள். அவற்றை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்களைப் படித்து ஆசைப்பட்டு டிக்கெட் எடுப்பவருக்குத் துணையாக இன்னொரு வகை நூலும் வேண்டும்.

இப்போதைக்கு, இருக்கிற ஆங்கில வழிகாட்டியைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் உட்கார்ந்து படித்துவிடுங்கள். வரலாறு, நடைமுறை, உணவு பற்றிய பக்கங்களே போதும். விலைப்பட்டியலைத் தாண்டிவிடலாம். தமிழ்ப் பதிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஜப்பானில் சில ஆண்டுகள் வாழ்ந்த தமிழர் ஒருவரைக் கொண்டு, விசா முதல் தாஷி வரை நம் குடும்பங்களுக்கு ஏற்ற ஒரு கையேடு எழுதவையுங்கள். கட்டண விவரங்களை நூலில் அச்சிடாமல் இணையத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்துங்கள்.