கூச்சலுக்கு நடுவே ஒரு கார்னர்

2018 மார்ச் 17 இரவு, பெங்களூரு கண்டீரவா மைதானம். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து இறுதி ஆட்டம் தொடங்கி ஒன்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. ஓரத்திலிருந்து உதாந்தா சிங் அனுப்பிய பந்தை சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். மைதானம் அதிர்ந்தது. ஐ.எஸ்.எல்.லில் நுழைந்த முதல் ஆண்டிலேயே 40 புள்ளிகளுடன் லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணி பெங்களூரு எஃப்.சி. கொல்கத்தாவில் நடப்பதாக இருந்த இறுதி ஆட்டமும் அவர்கள் ஊருக்கே வந்து சேர்ந்திருந்தது. இப்போது கேப்டனே முதல் கோலையும் போட்டுவிட்டார். எட்டுப் புள்ளி பின்தங்கி இரண்டாம் இடத்தில் இருந்த சென்னையின் எஃப்.சி. இந்தச் சத்தத்தில் கரைந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

எட்டே நிமிடத்தில் பதில் வந்தது. கிரிகரி நெல்சன் கார்னர் அடித்தார், மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டினார், 1-1. இடைவேளைக்குச் சற்று முன், 45ஆவது நிமிடத்தில், அதே நெல்சனின் கார்னர், அதே மைல்சனின் தலை. கேலரி அடங்கிப்போனது. 67ஆவது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோலைப் போட்டார். கடைசியில் பெங்களூருவின் மிக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தபோது காலம் கடந்திருந்தது. 3-2. கோப்பை சென்னைக்கு வந்தது.

அதற்கு முன் சென்னை வாங்கிய கோப்பையும் இப்படித்தான் வந்தது. 2015 டிசம்பர் 20, மட்காவ் ஃபடோர்டா மைதானம், எதிரே எஃப்.சி. கோவா. அன்றும் 3-2. நம் அணியின் இரண்டு ஐ.எஸ்.எல். கோப்பைகளும் எதிரணியின் சொந்த ஊரில், எதிரணியின் ரசிகர்கள் தொண்டை கிழியக் கத்திய மைதானத்தில் வாங்கியவை. ஆகவே, வெளியூர் அணி கூட்டத்தின் சத்தத்தை எப்படிச் சமாளிக்கிறது என்ற கேள்வி நமக்கு மிக நெருக்கமான கேள்வி.

'மனவலிமை' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போவது நம் வழக்கம். அந்தச் சொல் எனக்குப் போதவில்லை. சத்தம் ஆட்டக்காரனின் மனதை அசைப்பதற்கு முன்பே அவன் காதை அடைத்துவிடுகிறது. கால்பந்து பேசிக்கொண்டே ஆடும் ஆட்டம். பந்தை வாங்கப் போகிறவனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார் என்று தெரியாது. "பின்னாடி ஆள்!" என்று தோழன் கத்தினால்தான் தெரியும். கோல்கீப்பர் "என் பந்து!" என்று கத்தினால்தான் டிஃபெண்டர் ஒதுங்குவான். டிஃபென்ஸ் வரிசை ஒரே நேரத்தில் முன்னேறி எதிரியை ஆஃப்சைடில் விடுவதும் ஒரு குரலை நம்பித்தான். முப்பது, நாற்பதாயிரம் பேர் ஒரே மூச்சில் கத்தும்போது பத்து மீட்டர் தள்ளி நிற்பவனின் குரல்கூட வந்து சேராது.

இந்த இடத்தில்தான் கார்னர் வெளியூர் அணிக்குக் கைகொடுக்கிறது. கார்னர் அடிக்கும்போது ஆட்டம் நிற்கிறது. அடிப்பவர் கையைத் தூக்கிக் காட்டினால் போதும், யார் எங்கே ஓட வேண்டும் என்பது பயிற்சியிலேயே முடிவான விஷயம். தாக்கும் அணிக்குக் குரலே தேவையில்லை. தடுக்கும் அணிக்குத்தான் குரல் வேண்டும்: யார் யாரைப் பிடிப்பது, கீப்பர் வெளியே வருகிறாரா இல்லையா, இரண்டாவது கம்பத்தில் யார் நிற்பது. அதாவது அந்தப் பத்து விநாடி, உள்ளூர் ரசிகர்களின் கூச்சல் உள்ளூர் டிஃபெண்டர்களின் காதைத்தான் அடைக்கிறது. அன்று மைல்சனைத் தவறவிட்ட பெங்களூரு டிஃபெண்டர்கள் திறமை குறைந்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் பேசிக்கொள்ள முடியாத இடத்தில் அந்தப் பந்து வந்து விழுந்தது என்பதே என் கணிப்பு.

2016 இறுதி ஆட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். கொச்சி நேரு மைதானம், 54,000க்கும் மேல் ரசிகர்கள், கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள். 37ஆவது நிமிடத்தில் முகமது ரஃபி கேரளா பிளாஸ்டர்ஸுக்கு முதல் கோல் போட்டபோது எழுந்த ஓசையைத் தொலைக்காட்சியில் கேட்டவர்களும் மறக்க மாட்டார்கள். ஏழே நிமிடத்தில் கொல்கத்தா அணி சமன் செய்தது. அதுவும் கார்னர்தான், தலையால் முட்டிய கோல்தான். முட்டியவர் ஹென்ரிக் செரெனோ. பிறகு பெனால்டியில் கொல்கத்தா 4-3 என வென்றது. அதே செரெனோதான் அடுத்த சீசனில் சென்னைக்குக் கேப்டனாக வந்தார். பெங்களூரில் கோப்பையைத் தூக்கிய அணிக்கு, கொச்சியின் சத்தத்தில் நின்று ஆடிப் பழகிய ஒருவர் தலைமை தாங்கியதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சத்தத்தின் அளவுக்கும் வெற்றிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 2011 மார்ச் 18 அன்று இஸ்தான்புல்லில் கலாடசராய் ரசிகர்கள் 131.76 டெசிபல் எழுப்பி கின்னஸில் இடம் பிடித்தார்கள். எதிரே நின்றது பரம வைரியான ஃபெனர்பாசே. அந்த ஆட்டத்தில் ஃபெனர்பாசே 2-1 என வென்று வீடு திரும்பியது.

சத்தம் ஆட்டத்தைத் திருப்புவது கோல் விழுந்த அடுத்த சில நிமிடங்களில்தான். அந்த நேரத்தில் உள்ளூர் அணி இரண்டு மடங்கு வேகத்தில் வரும். வெளியூர் அணி பந்தைக் கண்டபடி உதைத்து வெளியே தள்ளும், த்ரோ-இன் கொடுக்கும், மறுபடி தாக்குதல் வரும். அந்த ஐந்து நிமிடத்தைக் கடப்பதுதான் கலை. அந்தக் கலையில் உருகுவே கேப்டன் ஒப்டுலியோ வரேலாவை மிஞ்சியவர் இன்றுவரை இல்லை.

1950 ஜூலை 16, ரியோவின் மரக்கானா. டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என நொறுக்கிவிட்டு வந்திருந்த பிரேசிலுக்கு டிரா செய்தாலே உலகக் கோப்பை. இரண்டாம் பாதி தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் ஃபிரியாசா கோல் போட்டார். வரேலா வலையிலிருந்து பந்தை எடுத்தார். அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஆஃப்சைடு என்று சொல்லி லைன்ஸ்மேனிடம் நடந்தார். பிறகு இங்கிலாந்துக்காரரான நடுவர் ஜார்ஜ் ரீடரிடம் போய், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார். முறையீடு செல்லாது என்று அவருக்கே தெரியும். அவருக்கு வேண்டியது நேரம். கூட்டத்தின் கொண்டாட்டம் முதலில் கோபமானது, கோபம் மெல்லத் தணிந்தது. அதன் பிறகே பந்தை நடுக்கோட்டில் வைத்தார். 66ஆவது நிமிடத்தில் ஸ்கியாஃபினோ, 79ஆவது நிமிடத்தில் கிஜியா. 2-1. உலகக் கோப்பை உருகுவேக்கு.

ஆட்டத்துக்கு முன் வரேலா தன் ஆட்களிடம், வெளியே இருப்பவர்கள் வெறும் மரக்கட்டைகள் என்று சொன்னதாக உருகுவே மக்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சைவிட, பந்தை இடுக்கிக்கொண்டு நடந்த அந்த நடைதான் பெரிது. கூட்டத்தை மரக்கட்டை என்று நினைத்திருந்தால் அவர் அப்படி நடந்திருக்கவே வேண்டாம். கூட்டத்துக்கு உயிர் இருக்கிறது, அது களைத்துப்போகும் வரை காத்திருக்க வேண்டும் என்று புரிந்தவர்தான் அப்படி நடப்பார்.

ஐரோப்பாவில் ஒரே மைதானம் இரண்டு பெரிய ஸ்பானிய அணிகளை வைத்து இதைச் சொல்லிக் காட்டியது. 2019 மே 7. முதல் ஆட்டத்தில் 3-0 என வென்றிருந்த பார்சிலோனா, லிவர்பூலின் ஆன்ஃபீல்டுக்கு வந்தது. லிவர்பூல் பக்கம் சாலாவும் இல்லை, ஃபிர்மினோவும் இல்லை. ஏழாவது நிமிடத்தில் ஒரிகி கோல் போட்டார். இரண்டாம் பாதியில் வைனால்டம் 54, 56 என இரண்டே நிமிட இடைவெளியில் இரண்டு கோல். அந்த இரண்டு கோலுக்கும் நடுவே பார்சிலோனாவால் ஆட்டத்தைத் தூங்கவைக்க முடியவில்லை. 79ஆவது நிமிடத்தில் அலெக்ஸாண்டர்-ஆர்னால்டு சட்டென்று ஒரு கார்னரை அடித்தபோது பார்சிலோனா வீரர்கள் பந்தைப் பார்த்துக்கூட நிற்கவில்லை. ஒரிகி தனியாக நின்று அடித்தார். 4-0. எச்சரிக்கும் குரல் எழும்பியிருந்தாலும் அந்த ஓசையில் யாருக்குக் கேட்டிருக்கும்?

2023 பிப்ரவரி 21, அதே ஆன்ஃபீல்டு. இம்முறை ரியல் மாட்ரிட். 14 நிமிடத்துக்குள் 2-0 எனப் பின்தங்கியது. இரண்டாவது கோல் கோல்கீப்பர் கோர்த்துவாவின் பிழை. பழைய கதை திரும்புகிறது என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கும். மாட்ரிட் வீரர்கள் முகத்தில் பதற்றம் இல்லை. பந்தை ஒருவருக்கொருவர் குறும்பாஸாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 21, 36 என வினிசியஸ் இரண்டு கோல். இரண்டாம் பாதி தொடங்கியதும் மோட்ரிச்சின் ஃப்ரீ கிக்கை மிலிட்டாவ் தலையால் முட்டினார். மறுபடியும் நின்ற பந்து! பென்சிமாவின் இரண்டு கோலோடு 5-2. அதே கேலரி, அதே பாட்டு, முடிவு மட்டும் தலைகீழ்.

நடுவரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கூட்டத்தின் சத்தம் முதலில் வளைப்பது அவரைத்தான். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தகுதி பெற்ற 40 நடுவர்களிடம் லிவர்பூல், லெஸ்டர் அணிகள் மோதிய ஆட்டத்திலிருந்து 47 மோதல்களைக் காட்டினார்கள். ஒரு பகுதியினர் சத்தத்தோடு பார்த்தார்கள், மற்றவர்கள் சத்தமில்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல் 15.5 சதவீதம் குறைவு. கொரோனா காலத்தில் ஆளில்லா மைதானங்களில் ஆடியபோது வெளியூர் அணிகளுக்கு விழுந்த மஞ்சள் அட்டைகள் குறைந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டின. நேர்மையான நடுவரையும் ஓசை அசைக்கிறது. அதனால் அனுபவமுள்ள வெளியூர் டிஃபெண்டர், கேலரிக்கு முன்னால் காலை நீட்டிச் சறுக்க மாட்டார். நின்று, மறித்து, எதிரியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்.

சென்னைக்கு வருவோம். 2015 ஃபடோர்டா ஆட்டத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கும். டிசம்பர் வெள்ளம் நகரத்தைப் புரட்டிப்போட்டிருந்தது. அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தைக்கூட நம் அணி புனேயில்தான் ஆடியது. இறுதி ஆட்டத்தில் பெலிசாரி அடித்த பெனால்டியை கோவா கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி தடுத்தார். திரும்பி வந்த பந்தை பெலிசாரியே கோலாக்கினார். நான்கு நிமிடத்தில் ஹாவ்கிப் சமன் செய்தார். அடுத்த பெனால்டியை மெண்டோசா அடிக்க, அதையும் கட்டிமணி தடுத்தார். 87ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கில் கோல் போட்டபோது ஃபடோர்டா கோப்பையைக் கையில் வாங்கிவிட்டதாகவே கொண்டாடியது. 90ஆவது நிமிடம், தட்டிவிடப் போன பந்தை கட்டிமணி தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் மெண்டோசாவின் வெற்றி கோல்.

இரண்டு பெனால்டி தடுத்த மனிதர், சொந்த ஊர்க் கூட்டத்தின் முன் அப்படி வீழ்ந்தார். கொண்டாடத் தொடங்கிவிட்ட கூட்டம் வெளியூர் அணியைவிடத் தன் அணிக்கே பெரிய பாரம். ஆறு ஆண்டுக்குப் பிறகு, 2022 இறுதி ஆட்டம், அதே ஃபடோர்டா. கட்டிமணி இப்போது ஹைதராபாத் கீப்பர். கேலரி முழுக்க கேரளா ரசிகர்களின் மஞ்சள். 1-1க்குப் பிறகு வந்த பெனால்டியில் கேரளாவின் மூன்று பேர் அடித்ததை அவர் தடுத்தார். ஹைதராபாத் வென்றது. தனக்கு எதிரான கூச்சலில்தான் அவர் தன் ஆட்டத்தை ஆடினார்.

பெங்களூரு இறுதி ஆட்டத்துக்கு மூன்று மாதம் முன்பே சென்னை ஒத்திகை பார்த்துவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. 2017 டிசம்பர் 17, அதே கண்டீரவா, லீக் ஆட்டம். ஜெஜெ கொடுத்த முன்னிலையை 85ஆவது நிமிடத்தில் சேத்ரி சமன் செய்தார். மைதானம் கொதித்த அந்த நேரத்தில், மூன்றே நிமிடத்தில், நம் சென்னைப் பையன் தன்பால் கணேஷ் வெற்றி கோலைப் போட்டார். கூட்டம் கொதிக்கும் நேரத்தில் உள்ளூர் அணி முன்னே பாய்கிறது, பின்னால் இடம் விடுகிறது. அதைக் கண்டுகொண்ட அணிக்கு மார்ச்சில் சேத்ரியின் கோல் இடியாக விழவில்லை.

சென்னை நேரு மைதானத்துக்கு வரும் சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ் நண்பர்களுக்கும் மற்ற ரசிகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று ஆடும் ஆட்டத்தில், எதிரணியிடம் பந்து இருக்கும்போதுதான் ரசிகர்கள் காது கிழியக் கத்துவார்கள். தங்கள் அணி பந்தை எடுத்ததும் அடங்கிவிடுவார்கள், வீரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளட்டும் என்று. நாமும் கத்துவோம். எதிரணி கீப்பர் பந்தை வைத்திருக்கும்போது கத்துவோம், அவர்கள் டிஃபெண்டர்கள் பந்தைச் சுற்றும்போது கத்துவோம். எதிரணி நமக்கு எதிராக கார்னர் அடிக்க வரும் அந்தப் பத்து விநாடி மட்டும், நம் கோல்கீப்பரின் குரலுக்கு மைதானத்தை விட்டுக்கொடுங்கள்.