குவிமாடமும் கூலி லயமும்

அயல்நாடு சென்று மீள்வோர் எழுதும் பிரயாணக் கட்டுரைகள் நம்மவரிடையே நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. இது வரவேற்கத் தக்கதே. கடல் கடந்தால் சாதி கெடும் என்று சொல்லி ஒரு சமூகத்தையே கிணற்றுத் தவளையாக்கி வைத்திருந்த வைதிகத்திற்கு ஒவ்வொரு பிரயாணக் கட்டுரையும் ஒரு மறுப்பாகும். ஆயினும், சென்று வந்தவர் எதைக் கண்டார், யாருடைய கண்ணால் கண்டார் என்று வினவுவது விமர்சகன் கடமை. வடசீனத்து ஹார்பின் நகரைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளை முன்வைத்து அவ்வினாவை எழுப்ப விரும்புகிறோம். ஹார்பினில் தொடங்கும் இப்பேச்சு மலாக்காவில் வந்து நிற்கும் என்பதை வாசகர்க்கு முன்னதாகவே சொல்லிவிடுகிறோம்.

இக்கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. சீன மண்ணில் ஒரு சின்ன மாஸ்கோ என்று தொடங்கும். செயின்ட் சோபியா தேவாலயத்தின் வெங்காய வடிவக் குவிமாடத்தின்மீது ஒரு பத்தி. கல் பாவிய சென்ட்ரல் தெருவின்மீது ஒரு பத்தி. குளிர்காலத்துப் பனிக்கட்டிச் சிற்பங்களின்மீது இரண்டு பத்திகள். இறுதியில் ருஷ்ய ரொட்டியின் சுவை. ருஷ்யர் கட்டினர், சீனர் காத்தனர், நாம் கண்டு களித்தோம் என்பதே இவற்றின் சாரம். "எழில்மிகு" என்னும் ஓர் அடைமொழி வந்து விழுந்தவுடன் எழுதுவோரின் சிந்தனை ஓய்ந்துவிடுகிறது. அடைமொழி செய்யும் தீமைகளுள் இதுவே தலையாயது. ஏ. கே. செட்டியாரைப் போலத் தம்மைப் பின்னே நிறுத்திக்கொண்டு, கண்டதைக் கண்டவாறு எழுதியவர் தமிழில் சிலரே.

அந்நகரம் எவ்வாறு உண்டாயிற்று? ஜார் அரசு, சைபீரிய ரயிலை விளாடிவாஸ்டாக் துறைமுகத்திற்குக் குறுக்கு வழியாகக் கொண்டு செல்ல எண்ணி, மஞ்சூரியாவின் ஊடே பாதை போடும் உரிமையை 1896இல் சீனத்தினிடமிருந்து பெற்றது. 1898இல் சுங்காரி ஆற்றங்கரையில் அவ்வேலைக்கான தலைமை இடம் அமைந்தது. அதுவே ஹார்பின். ஆகவே அந்நகரை ஈன்றது தேவாலயமன்று, தண்டவாளம். அத்தண்டவாளத்தைத் தோளில் சுமந்தவரோ ருஷ்யர் மட்டுமல்லர். ஷான்துங் முதலிய மாகாணங்களினின்று ஒப்பந்தக்காரர் வழியே திரட்டப்பட்ட சீன ஏழைகளே அவருள் பெரும்பகுதியினர். கங்காணியின் பின்னே கப்பலேறிய மக்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ருஷ்யா என்றவுடன் நம் சீர்திருத்த அன்பர்களுக்கு லெனின் நினைவும், 1932இல் பெரியார் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்து வந்த நினைவும் எழும். ஹார்பினின் ருஷ்யா அதுவன்று. 1917 புரட்சிக்கு அஞ்சி ஓடிவந்த பிரபுக்கள், படைத் தலைவர்கள், குருமார்கள் வந்து தங்கிய ருஷ்யா அது. அவர்களோடு ரயில்வே குமாஸ்தாக்களும் தொழிலாளரும் கடைக்காரரும் யூத வணிகரும் வாழ்ந்தனர் என்பதையும் மறத்தலாகாது. 1935இல் ரயில் பாதையைச் சோவியத் அரசு ஜப்பானியரின் மஞ்சுகுவோவிற்கு விற்றுவிட்டது. அதன் ஊழியர் ஆயிரக்கணக்கில் தாய்நாடு திரும்பினர். திரும்பியவருள் மிகப் பலரை அதே அரசு 1937இல் ஜப்பானிய ஒற்றர் என்று கூறிச் சிறையிலிட்டது, சுட்டும் கொன்றது. கட்டடத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இச்செய்தி எப்படித் தெரியும்? சோவியத்தைப் புகழ்வதில் நமக்குள்ள ஆர்வம் இதை மறைக்க இடந்தரலாகாது.

இனி, அப்பேர்பெற்ற சென்ட்ரல் தெருவிற்கு வருவோம். ருஷ்யர் அதற்கு இட்ட பழைய பெயர் "சீனத் தெரு" என்பதாம். ரயில் வேலைக்கு வந்த சீனத் தொழிலாளர் அங்கே குடியிருந்தமையால் அப்பெயர் வந்தது என்பர். கூலிகளின் பெயரால் வழங்கிய தெருவே இன்று ஐரோப்பிய நாகரிகத்தின் காட்சிப் பொருளாக எழுதப்படுகிறது. கூலிகள் எங்கே போயினர்? ரயில்வே எல்லைக்கு அப்பால், ஃபூஜியாதியன் என்னும் நெருக்கடியான சேரியில் திரண்டிருந்தனர். நம் கட்டுரையாளர் எவரும் அப்பக்கம் அடியெடுத்து வைப்பதில்லை. வைத்திருந்தால் அங்கே மலாயாக்காரர் ஒருவரைச் சந்தித்திருப்பர்.

அவர் டாக்டர் வூ லியன் தே. 1879இல் பினாங்கில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றவர். மருத்துவத் துறையின் உயர் பதவிகளெல்லாம் வெள்ளையருக்கே என்றிருந்த மலாயாவில் அபினுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து, பின்னர்ச் சீனம் சென்றார். 1910ஆம் ஆண்டு டிசம்பரில், நுரையீரலைத் தாக்கும் பிளேக்கு ஃபூஜியாதியனில் பரவிய வேளையில், சீன அரசு அவரை ஹார்பினுக்கு அனுப்பிற்று. நோய் எலித்தெள்ளால் அன்று, மனிதன் விடும் மூச்சால் பரவுகிறது என்று கண்டு, துணியும் பஞ்சும் கொண்ட முகக்கவசம் அணியச் செய்தார். அதை மறுத்த பிரெஞ்சு டாக்டர் ஒருவர் சில நாட்களில் மாண்டார். நோயாளிகளோடு பழகியவரை ஒதுக்கி வைக்க இடமின்றி, ருஷ்ய ரயில்வேயின் சரக்கு வண்டிகளைக் கடன் வாங்கி அவற்றில் தங்க வைத்தார். உறைந்த மண்ணைத் தோண்ட இயலாமல் 2,000க்கு மேற்பட்ட பிணங்கள் வெளியே கிடந்தன. முன்னோர் வழிபாட்டில் ஊறிய அந்நாட்டில் பிணத்தை எரிப்பது பெரும் பாதகம். வூ அரசரின் ஆணையை வேண்டிப் பெற்று, 1911 ஜனவரி இறுதியில் அவற்றை எரித்தார். சில வாரங்களில் நோய் அடங்கிற்று. மஞ்சூரியா முழுவதும் அதற்குள் ஏறக்குறைய 60,000 பேர் இறந்திருந்தனர். சடங்கா, உயிரா என்ற கேள்வியை ஒரு நகரம் நேருக்கு நேர் சந்தித்து உயிரைத் தேர்ந்த நிகழ்ச்சி இது. மலாயாத் தமிழன் ஹார்பினுக்குச் சென்று எழுதும் கட்டுரையில் இதற்கு ஒரு வரியும் இல்லை என்றால், அவன் ஏன் அவ்வளவு தூரம் போனான்? வூ 1937இல் மலாயா திரும்பி ஈப்போவில் வைத்தியம் பார்த்து, 1960இல் பினாங்கில் காலமானார்.

இன்னொரு செய்தி. ஹார்பின் சீனர் ரொட்டியை "லியெபா" என்பர். ருஷ்யரின் "ஹ்லெப்" என்னும் சொல்லே அது. 1966இல் செங்காவலர் செயின்ட் நிக்கலஸ் தேவாலயத்தை இடித்துத் தள்ளினர். செயின்ட் சோபியா சரக்குக் கிடங்காகிக் கிடந்து, 1997இல்தான் கட்டடக்கலைக் காட்சிச் சாலையாயிற்று. சொல்லை மட்டும் எவரும் இடிக்கவில்லை. அது ரொட்டிக் கடையிலும் அடுப்படியிலும் பிழைத்துக்கொண்டது.

மலாக்காவிலும் அவ்வாறே. மலாய்க்காரர் நாவில் "கெடாய்" என்பது நம் கடை. "காப்பால்" நம் கப்பல். "கோலாம்" நம் குளம். "செருத்து" நம் சுருட்டு. தமிழ்ச் சொற்கள் மலாயில் வாழ, மலாக்காச் செட்டிகள் என்னும் பழந்தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் தமிழை இழந்து மலாய் பேசுகின்றனர். சைவத்தையோ விடாமல் பற்றியிருக்கின்றனர். மொழி போனாலும் கோவில் இருக்கிறதே என்று மகிழ்வோர் நம்மில் உண்டு. அம்மகிழ்ச்சியில் நாம் பங்குகொள்ள மாட்டோம். ஆனால் அம்மக்களைக் குறைந்த தமிழர் என்று ஏளனம் செய்வோரோடும் சேர மாட்டோம்.

மலாக்காவைப் பற்றிய கட்டுரைகளும் ஹார்பின் அச்சில் வார்த்தவையே. 1511இல் போர்த்துக்கீசியர், 1641இல் டச்சுக்காரர், 1824இல் ஆங்கிலேயர் என்று எசமானர் வரிசை வரும். பிறகு சிவப்புக் கட்டடங்கள். டச்சுக்காரர் நாளில் அவை வெண்மையாயிருந்தன என்பதும், அச்சிவப்பு ஆங்கிலேயர் காலத்துப் பூச்சு என்பதும் எழுதுவோர் பலர்க்குத் தெரியாது. தெரிந்தாலும் படம் எடுக்கத் தடையில்லை. தமிழரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோவிலும், போர்த்துக்கீசியருக்கு உதவி அவர்களிடம் பெண்டஹாரா பதவி பெற்ற நைனா சாத்து என்னும் வணிகரும் வருவர். வெற்றி பெற்ற துரைக்குத் துணை நின்று பதவி வாங்கியவரை முன்னோராகப் பெருமை பேசுவதில் நமக்கு என்ன சுயமரியாதை இருக்கிறது? அவரையும் அப்பதவியினின்று நீக்கிய போது அவர் தீயில் புகுந்து மாண்டார். அதையும் சேர்த்தல்லவா எழுத வேண்டும்?

2008இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது மலாக்கா நகரத்தின் ஒரு பகுதி. அந்த எல்லைக்குள் தோட்டம் இல்லை. மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர் முதன்முதல் நடப்பட்டது 1896இல், இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில். நட்டவர் தான் சாய் யான் என்னும் சீனர். டச்சுக்காரனின் படிக்கட்டுக்குப் பெயர்ப்பலகை உண்டு. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் சீவி, பால் வாளி சுமந்தவரின் லயத்திற்கு எங்கே உண்டு? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; லயங்கள் சரிந்தன; மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். எவரும் படம் எடுக்கவில்லை.

புலாவ் செபாங்கை எடுத்துக்கொள்வோம். தம்பினை ஒட்டிய இவ்வூரும் ஹார்பினைப் போல ரயிலால் பெயர் பெற்ற ஊரே. 1905 முதல் இங்கிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளைப் பாதை ஓடிற்று; நீளம் ஏறக்குறைய 21 மைல். ஜப்பானியர் ஆட்சியில் அத்தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டன. 1942, 1943ஆம் ஆண்டுகளில் அப்பாதை போடுவதற்கு மலாயாத் தோட்டங்களினின்று தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டதையும், மிகப் பலர் மீளாததையும் நம் வீடுகளில் யாவரும் அறிவர். இரும்பும் மனிதரும் ஒரே திசையில் போயினர். ஹார்பின் பாதையை விலைக்கு வாங்கிய கையும் இப்பாதையைப் பெயர்த்த கையும் ஒன்றே. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கூடியவன் மஞ்சூரியாவுக்குப் போன மலாக்காத் தமிழன்தான். அவனோ குவிமாடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

போர் முடிந்த பின்னும் அக்கிளைப் பாதை மீண்டும் போடப்படவில்லை. இன்றும் மலாக்கா நகரைக் காண ரயிலில் வருவோர் புலாவ் செபாங்கில் இறங்கிச் சடக்கு வழியாகத்தான் செல்கின்றனர். சிவப்புச் சதுக்கத்தை அடைந்த பிறகே அவர்களுடைய கட்டுரை தொடங்குகிறது. அதற்கு முன் கடந்த 21 மைல்களைப் பற்றி ஒரு பத்தியும் அதில் இராது.